இடைவேளை யார் கையில்?

பொழுதுபோக்கைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் உள்ளடக்கத்தைச் சுற்றியே நடக்கின்றன. ஒரு படத்தில் வன்முறை மிகுந்துவிட்டதா, ஒரு தொடர் குடும்பத்தோடு பார்க்கத் தக்கதா, ஒரு வீடியோ கேம் பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறதா என்ற கேள்விகளே வீட்டுக் கூடத்திலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் நீதிமன்ற மனுக்களிலும் திரும்பத் திரும்ப எழுகின்றன. பார்ப்பவரும் ஆடுபவரும் எந்த இடத்தில் எழுந்து போகலாம் என்பதைத் தீர்மானிப்பது யார் என்ற கேள்வி அவற்றுக்கெல்லாம் அடிப்படையானதாக இருந்தும் அரிதாகவே கேட்கப்படுகிறது. கொட்டகை, தொலைக்காட்சிப் பெட்டி, கேம் மிஷின், கைபேசி என்று கருவிகள் மாறி வந்த வரலாற்றை இந்தக் கேள்வியோடு படித்தால், ஒரு காலத்தில் பொழுதுபோக்குத் தொழில் தன் காசை நிறுத்தத்தில் ஈட்டியது என்பதும், இன்று அதே தொழில் நிறுத்தாமல் இருப்பதில் ஈட்டுகிறது என்பதும் தெளிவாகப் புலப்படும். அண்மைக் காலப் படங்களின் நீளம் பற்றிய சண்டையும், இணைய விளையாட்டுகளின் மீது அரசு போட்ட நேரக் கட்டுப்பாடும் இந்த மாற்றத்தின் இரு வேறு விளைவுகளே.

தமிழ்ப் படங்களின் இடைவேளை கலைஞர்களின் சிந்தனையில் பிறந்ததன்று. இயந்திரத்தின் இயலாமையில் பிறந்தது. 35 மில்லிமீட்டர் படச்சுருள் நொடிக்கு 24 சட்டங்கள் என்ற வேகத்தில் ஓடும்போது நிமிடத்துக்கு 90 அடி கரைந்துவிடும் என்பதால், 1,000 அடி கொண்ட ஒரு ரீல் 11 நிமிடத்தில் தீர்ந்துபோகும். நகரத்துத் திரையரங்குகளில் இரண்டு புரொஜெக்டர்கள் இருந்ததால், ஒன்றில் ரீல் முடியும் தறுவாயில் மற்றதை ஓடவிட்டு, பார்ப்பவர்களுக்குத் தெரியாமலே கதையைத் தொடர முடிந்தது. திரையின் வலது மேல் மூலையில் கண் இமைக்கும் நேரம் தோன்றி மறைந்த சிறு வட்டம், இயந்திரத்தை மாற்றும்படி ஆபரேட்டருக்குத் தரப்பட்ட சைகை. ஊர் ஊராகக் கொட்டகை போட்டுப் படம் காட்டிய டூரிங் டாக்கீஸ்களிலோ பெரும்பாலும் ஒரே புரொஜெக்டர்தான் இருந்தது. ரீலை மாற்றும்போதெல்லாம் விளக்கு எரிந்தது. ஒரே காட்சியில் மூன்று, நான்கு இடைவேளைகள் வந்தன. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து அமர்ந்திருந்தவர்களுக்கு நடுவே முறுக்குத் தட்டும் சோடாப் பெட்டியும் புகுந்து வந்தது அந்த நேரத்தில்தான் என்பதால், கொட்டகைக்காரருக்கு ரீல் மாற்றும் தொல்லையே ஒரு சிறு வருமானமாகவும் ஆயிற்று.

நீளத்தைத் தீர்மானித்ததிலும் அழகியலுக்கு இருந்த பங்கு குறைவு. இரண்டாம் உலகப் போரின்போது கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதால், ஒரு படம் 11,000 அடிக்குள் அடங்க வேண்டும் என்று ஆங்கிலேய அரசு விதித்தது. அதாவது, அதுவரை பாட்டும் கிளைக்கதையுமாக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த தமிழ்ப் படங்கள், போரின் பொருட்டு இரண்டு மணி நேரத்துச் சொச்சத்துக்குள் சுருங்கின. சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டதாகப் புகழ்பெற்ற ‘ஹரிதாஸ்’ 1944-ல், அந்தக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வந்த படம் என்பதை நினைத்துப் பார்த்தால், நீளம் குறைந்தால் கூட்டமும் குறையும் என்ற அச்சத்துக்கு அன்றும் ஆதாரம் இருக்கவில்லை என்று தோன்றுகிறது. போர் முடிந்து கட்டுப்பாடு நீங்கியதும் படங்கள் பழைய நீளத்துக்குத் திரும்பியது வேறு கதை.

இயந்திரக் காரணம் மறைந்த பிறகும் இடைவேளை நிலைத்தது. நிலைத்ததோடு நில்லாமல் திரைக்கதையின் முதுகெலும்பாகவும் மாறியது. தமிழ்த் திரையுலகினர் ‘இன்டர்வெல் பிளாக்’ என்று அழைப்பது, விளக்கு எரிவதற்கு முந்தைய பத்துப் பதினைந்து நிமிடங்களில் கதையின் திசையைப் புரட்டிப்போடும் காட்சித் தொகுதியை. தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போகும் உதவி இயக்குநர் இடைவேளைக் காட்சியைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் போனால், மீதிக் கதையைக் கேட்க ஆள் இருக்காது என்பது கோடம்பாக்கத்தின் எழுதாத விதி. லோகேஷ் கனகராஜின் ‘விக்ரம்’ (2022) இதற்குச் செம்மையான சான்று. முதல் பாதி முழுவதும் கொல்லப்பட்டவராகக் கருதப்பட்டு, பிறர் வாய்வழியாக மட்டுமே கட்டமைக்கப்பட்ட ஒருவர், முகமூடிக் கும்பலின் தலைவராக இடைவேளையின்போதுதான் வெளிப்படுகிறார். கமல்ஹாசன் என்ற நட்சத்திரத்தை முதல் பாதியில் பின்னணியிலேயே வைத்திருக்கும் துணிவை இயக்குநருக்குத் தந்தது, அந்த இடத்தில் படம் நின்றே ஆக வேண்டும் என்ற ஏற்பாடுதான். கேண்டீன் வரிசையில் நிற்கும் பதினைந்து நிமிடமும் அந்தத் திருப்பம் பேசப்படுகிறது என்பதால், அந்த நேரத்தையும் படத்தின் ஓட்டத்துக்குள் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மேலை நாடுகளில் நிலைமை நேர் எதிரானது. மார்ட்டின் ஸ்கோர்செசியின் ‘கில்லர்ஸ் ஆஃப் தி ஃப்ளவர் மூன்’ 2023-ல் வெளியானபோது, 206 நிமிட நீளத்தைக் கண்டு சில திரையரங்குகள் தாமாகவே ஓர் இடைவேளையைச் செருகின. அது ஒப்பந்த மீறல் என்று கூறிப் படத்தை வெளியிட்டவர்கள் நிறுத்தச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு வந்த பிரேடி கார்பெட்டின் ‘தி புரூட்டலிஸ்ட்’ 215 நிமிடங்கள் ஓடும் படம். அதில் 15 நிமிட இடைவேளையை இயக்குநரே படத்துக்குள் வைத்து, திரையில் நேரம் குறைந்துகொண்டே வருவதையும் காட்டினார். அங்கே அது பெரிய கலைத் துணிச்சலாக எழுதப்பட்டதைப் படிக்கும் தமிழ் ரசிகருக்குச் சிறு புன்னகை வந்திருந்தால் அதில் தவறில்லை.

நீளத்தின் மீதான சண்டை தமிழில் 2024-ல் புதிய வடிவம் எடுத்தது. படச்சுருள் காலத்தில் வெளியான படத்தைக் குறைப்பது என்றால் ஊர் ஊராகச் சென்ற பிரதிகள் ஒவ்வொன்றிலும் கத்தரி வைத்து ஒட்ட வேண்டும். டிஜிட்டல் திரையிடல், அதாவது படத்தைக் கணினிக் கோப்பாக அனுப்பிச் சேவையகத்திலிருந்து ஓட்டும் முறை, பரவலான பிறகு இந்த வேலை ஓரிரு நாளில் முடிகிறது. ஆகவே முதல் வார இறுதியின் வசை, அடுத்த வாரத்தின் படத்தொகுப்புக் குறிப்பாகவே ஆகிவிடுகிறது. ‘இந்தியன் 2’, ‘கங்குவா’ ஆகிய பெரும் செலவுப் படங்கள் வெளியான பிறகு ஏறத்தாழ 12 நிமிடங்கள் குறைக்கப்பட்டன. அவை இரண்டையும் பற்றி வருந்துவதற்கு அதிகம் இல்லை. வருத்தத்துக்குரியது ‘மெய்யழகன்’.

சி. பிரேம்குமார் இயக்கத்தில் 2024 செப்டம்பரில் வெளியான ‘மெய்யழகன்’, தஞ்சையிலிருந்து சொந்த வீட்டை இழந்து சென்னைக்குக் குடிபெயர்ந்த ஒருவர், பல ஆண்டுகளுக்குப் பிறகு உறவுக்காரப் பெண்ணின் திருமணத்துக்காக நீடாமங்கலம் வந்து, தன் மீது அளவற்ற அன்பு காட்டும் ஒரு உறவினரோடு ஓர் இரவைக் கழிப்பதைச் சொல்லும் படம். அந்த உறவினரின் பெயர் தனக்கு நினைவில்லை என்பதை அவர் இரவு முழுவதும் மறைத்துக்கொண்டே இருக்கிறார். இத்தகைய கதைக்கு நேரமே மூலப்பொருள். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவன் வேறு வழியின்றி உட்கார்ந்து கேட்பதுபோலப் பார்ப்பவரும் உட்கார்ந்து கேட்டால்தான் அந்த அன்பின் அழுத்தமும் அதன் கீழே உறுத்தும் குற்றவுணர்வும் பிடிபடும். 177 நிமிடங்களாக வந்த படம் சில நாட்களுக்குள் ஏறத்தாழ 18 நிமிடங்கள் குறைக்கப்பட்டது. குறைத்த பின்னும் நல்ல படமாகவே இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் நீண்ட பேச்சைப் பற்றிய ஒரு படத்தை, பேச்சு நீண்டுவிட்டது என்பதற்காக வெட்டியதில் உள்ள முரண் சிறியதன்று. திரையரங்குக்கு வந்த பார்வையாளர், வீட்டில் கைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்திருந்தார் என்று கொள்வதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

இதே ஆண்டின் இன்னொரு வெற்றி இந்த விளக்கத்துக்கு மறுபக்கம் காட்டுகிறது. நித்திலன் சாமிநாதனின் ‘மகாராஜா’, ஒரே காலத்தில் நிகழ்வதாகத் தோன்றும் இரு கதை இழைகளுள் ஒன்று பல ஆண்டுகளுக்கு முந்தையது என்பதை இறுதிவரை மறைத்துவைக்கும் படம். பார்ப்பவரால் பின்னோக்கி ஓட்டிச் சரிபார்க்க முடியாது என்ற நிலையில்தான் இந்த ஏமாற்று முழுமையாகப் பலிக்கிறது. ‘கில்லி’ 2004-ல் வந்த படம்; தொலைக்காட்சியில் எத்தனை முறை ஒளிபரப்பாயிற்று என்று எண்ணவே முடியாதது; 2024 ஏப்ரலில் மறுவெளியீடு செய்யப்பட்டபோது அதற்குப் புதுப் படத்துக்கு நிகரான கூட்டம் கூடியதற்கும், விளம்பரத்தால் துண்டாடப்படாத நேரத்தை நூற்றுக்கணக்கானவர்களோடு சேர்ந்து கழிக்கும் ஆசையே பெருங்காரணம். எதிர்பாராத கைத்தாங்கலாக வீடியோ கேமிலிருந்து பிறந்த ஒரு படமும் இதையே மெய்ப்பித்தது. 2025 ஏப்ரலில் வெளியான ‘எ மைன்கிராஃப்ட் மூவி’ ஓடிய அமெரிக்கத் திரையரங்குகளில், குறிப்பிட்ட ஒரு வசனம் வந்ததும் விடலைப் பையன்கள் எழுந்து நின்று கத்திப் பாப்கார்னை வீசினார்கள். காவலர்கள் வரவழைக்கப்பட்ட இடங்களும் உண்டு. முதல் நாள் முதல் காட்சியில் காகிதம் கிழித்துப் பறக்கவிட்டுப் பழகிய மதுரை ரசிகர் இதை ஒழுங்கீனம் என்று ஒருபோதும் சொல்லியிருக்க மாட்டார்.

தொடரும் என்ற அட்டை

தொலைக்காட்சியின் நிறுத்தம் வேறு வகையானது. 1987 ஜனவரியில் தொடங்கி 1988 வரை ஞாயிறு காலைகளில் தூர்தர்ஷனில் வந்த ‘ராமாயணம்’ தெருக்களை வெறிச்சோடச் செய்தது என்பார்கள்; ஆனால் அது முடிந்ததும் மக்கள் மறுபடி தெருவுக்கு வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1993-ல் சன் டிவி தொடங்கிய பிறகு ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’ முதலான நெடுந்தொடர்கள் தமிழ்க் குடும்பங்களின் சமையல் நேரத்தையும் படுக்கை நேரத்தையும் மாற்றி அமைத்தன என்றாலும், அதிர்ந்த முகம் ஒன்றின் மீது இசை இறங்கி ‘தொடரும்’ என்ற எழுத்து வந்துவிட்டால் அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றுமில்லை. நாளை வரை காத்திருப்பது கட்டாயம். நடுவில் வந்த விளம்பரங்களே அலைவரிசைக்கு வருமானம். ஆக இங்கும் நிறுத்தமே காசு. குக்கரை இறக்குவதற்கும் பிள்ளையின் வீட்டுப்பாடத்தை ஒரு பார்வை பார்ப்பதற்கும் அந்த இரண்டு, மூன்று நிமிடங்களைப் பெண்கள் பயன்படுத்திக்கொண்ட திறமைக்கு எந்த விளம்பர நிறுவனமும் கணக்கு எடுத்ததாகத் தெரியவில்லை. நிறுத்தும் உரிமை முதன்முதலில் வீட்டுக்குள் வந்தது 1980-களின் வீடியோ ‘டெக்’ மூலம். கல்யாண வீட்டிலும் காதுகுத்து வீட்டிலும் வாடகைக்கு டெக் எடுத்து விடிய விடிய மூன்று படம் ஓட்டிய அந்தக் காலத்தில்தான், படத்தை ஒருவர் கையால் உறையவைக்க முடியும் என்ற அதிசயம் பழக்கமாயிற்று.

வீடியோ கேமின் வரலாறு இதே பாதையை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ வடிவமைத்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ 1978-ல் ஜப்பானியக் கடைகளில் வைக்கப்பட்டபோது, அதன் வணிகம் முழுவதும் ஆட்டம் முடிவதில் அடங்கியிருந்தது. ஆடுபவர் தோற்றால்தான் அடுத்த காசு விழும். மூன்று உயிர்கள் என்ற ஏற்பாடும், எதிரிகள் குறையக் குறைய எஞ்சியவற்றின் வேகம் கூடுவதும் அந்தக் கணக்குக்குத் துணைநின்றன. ஆனாலும் அக்காலத்து வடிவமைப்பாளர்களுக்கு ஆடுபவரின் களைப்பைப் பற்றிய அக்கறை இல்லாமல் இல்லை. 1980-ல் டோரு இவதானி உருவாக்கிய ‘பேக்-மேன்’ ஆட்டத்தில், இரண்டாம், ஐந்தாம், ஒன்பதாம் சுற்றுகளுக்குப் பிறகு, துரத்தும் பேயும் துரத்தப்படும் மஞ்சள் வட்டமும் இடம் மாறி ஓடும் சிறு வேடிக்கைக் காட்சிகள் வரும். அந்தச் சில நொடிகளில் ஆடுபவர் கைப்பிடியை விட்டு விரலைச் சொடுக்கிக்கொள்ளலாம். வீடியோ கேமில் கதைக்காட்சி என்ற உத்திக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் இது, தோற்றத்தில் ஓர் இடைவேளையே.

வீட்டுக்கு வந்த கேம் மிஷினில் காசு முன்கூட்டியே கொடுத்தாகிவிட்டதால், ஆட்டம் சட்டென்று முடிய வேண்டிய தேவை போயிற்று. நீண்ட கதைகள் வந்தன. விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கான வழியும் தேவைப்பட்டது. ஆட்டத்தின் நிலையை நினைவகத்தில் பதிந்துவைப்பதைச் ‘சேவ்’ செய்தல் என்பார்கள். நிண்டெண்டோவின் ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ 1987-ல் அமெரிக்காவில் விற்கப்பட்டபோது, கேசட்டுக்குள்ளேயே ஒரு சிறு மின்கலத்தை வைத்து இதைச் சாதித்தார்கள். 1990-களில் தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் புழங்கிய போலிக் கருவிகளுக்கோ, 9999 ஆட்டங்கள் உள்ளதாக அட்டையில் அச்சிட்ட மஞ்சள் கேசட்டுகளுக்கோ அந்தப் பேறு இல்லை. ‘சூப்பர் மாரியோ’வின் எட்டாம் உலகத்தை நெருங்கும் வேளையில் கரண்ட் போனால், மறுபடி முதல் உலகத்து முதல் காளானிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆட்டத்துக்கு இடைவேளை விடும் அதிகாரம் அன்றைக்கு மின்வாரியத்திடம் இருந்தது.

நிறுத்தத்தையே கலையாக மாற்றிய ஆட்டங்களும் உண்டு. கேப்காம் நிறுவனத்தின் ‘ரெசிடெண்ட் ஈவில்’ (1996) ஆட்டத்தில், பிணங்கள் நடமாடும் மாளிகைக்குள் அலையும் நாயகர், சில அறைகளில் வைக்கப்பட்டிருக்கும் பழைய தட்டச்சுப் பொறியில்தான் தன் நிலையைப் பதிந்துவைக்க முடியும். அதற்கும் மை நாடா வேண்டும். மை நாடாக்களோ எண்ணிக்கையில் குறைவு. அந்த அறைகளுக்குள் எந்தப் பிணமும் வராது, இசையும் தணிந்துவிடும். நிறுத்துவதற்கு விலை வைத்ததால், நிறுத்தும் தருணம் ஒவ்வொன்றும் ஒரு முடிவாகியது. ஷிகெசாடோ இட்டோய் உருவாக்கிய ‘எர்த்பவுண்ட்’ ஆட்டத்தில் நெடுநேரம் எழாமல் ஆடினால், கதைக்குள் இருக்கும் அப்பா தொலைபேசியில் அழைத்து, களைத்திருப்பாய், சற்று ஓய்வெடுக்கலாமே என்று கேட்பார். ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ 2025 செப்டம்பரில் வந்தபோது, அதன் ஈவிரக்கமற்ற கடினத்தைப் பற்றியே எங்கும் பேச்சாக இருந்தது, ஆனால் அந்த ஆட்டத்தில் ஆடுபவர் நினைவில் நிற்பவை, பாழடைந்த வழிகளின் முடிவில் கிடைக்கும் பெஞ்சுகள். நாயகி அதில் போய் அமர்ந்தால் காயம் ஆறும், நிலை பதிவாகும். அடுத்த பெஞ்ச் எங்கே என்ற தவிப்பே அந்த ஆட்டத்தின் புவியியல்.

நிறுத்தாமல் இருப்பதன் விலை

இணையம் வந்த பிறகு இந்தக் கணக்கு தலைகீழானது. பலர் ஒரே நேரத்தில் கலந்துகொள்ளும் ஆட்டத்தில் ஒருவர் மட்டும் நிறுத்த முடியாது. ‘பப்ஜி மொபைல்’ 2018-ல் வந்து, 2020 செப்டம்பர் 2 அன்று இந்திய அரசு தடைசெய்த 118 செயலிகளுள் ஒன்றாகி, 2021 ஜூலையில் ‘பிஜிஎம்ஐ’ என்ற பெயரில் திரும்பி வந்தது. அதன் வடிவம் எளியது: நூறு பேர் ஒரு தீவில் இறங்குகிறார்கள், பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது, கடைசியில் ஒரு அணி எஞ்சுகிறது. முழு ஆட்டம் அரை மணி நேரம். அம்மா சாப்பிடக் கூப்பிடும்போது ‘இந்த மேட்ச் முடியட்டும்மா’ என்று பிள்ளை சொல்வது பெரும்பாலும் பொய்யன்று. நடுவில் எழுந்தால் தோற்பது அவன் மட்டுமல்லன், அவனோடு ஆடும் மூன்று நண்பர்களும்தான். பெற்றோருக்குப் புரியாமல் போவதும் இந்த இடமே. கேரம் போர்டில் காயை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிட எழுந்த தலைமுறைக்கு, நிறுத்த முடியாத விளையாட்டு என்ற ஒன்று அடம்பிடித்தலாக மட்டுமே தெரிகிறது.

தனியாக ஆடும் கைபேசி ஆட்டங்களின் உத்தி வேறு. கிங் நிறுவனத்தின் ‘கேண்டி க்ரஷ் சாகா’ 2012-ல் கைபேசிக்கு வந்தபோது ஐந்து உயிர்கள் தந்தது; அவை தீர்ந்தால் ஓர் உயிர் திரும்ப 30 நிமிடம் காத்திருக்க வேண்டும்; காத்திருக்க மனமில்லாதவர் காசு கொடுக்கலாம். ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தை விற்றது. ‘கேண்டி க்ரஷ்’ ஆட்டத்தை இலவசமாகத் தந்துவிட்டு, இடைவேளையை நீக்கித் தருவதை விற்றது. தொழிலின் திருப்புமுனையை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் வேறு எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

காணொளியிலும் அதே மாற்றம் அதே ஆண்டில் நிகழ்ந்தது. ஒரு அத்தியாயம் முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கும் ‘ஆட்டோபிளே’ வசதியை நெட்ஃபிளிக்ஸ் 2012-ல் கொண்டுவந்தது. 2013 பிப்ரவரியில் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரின் 13 அத்தியாயங்களையும் ஒரே நாளில் வெளியிட்டது. சந்தாவில் இயங்கும் நிறுவனத்துக்குக் கூடுதல் மணிநேரத்தால் உடனடி வருமானம் இல்லை என்றாலும், அதிகம் பார்ப்பவர் சந்தாவை விட மாட்டார் என்பதால், அங்கும் தொடர்ச்சியே முதலீடு. தங்கள் போட்டியாளர் தூக்கமே என்று அதன் அன்றைய தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017-ல் சொன்னதும், ஹெச்பிஓவைவிட ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டோடுதான் அதிகம் போட்டியிட்டுத் தோற்கிறோம் என்று 2019 ஜனவரியில் பங்குதாரர்களுக்கு அந்நிறுவனம் எழுதியதும், படம், தொடர், ஆட்டம் ஆகியவை வெவ்வேறு கலைகள் என்ற பழைய பாகுபாட்டைத் தொழில்துறை எப்போதோ கைவிட்டுவிட்டதைக் காட்டுகின்றன. எல்லாம் ஒரே இரவின் மணிநேரங்களுக்காக மோதுகின்றன. புஷ்கர்–காயத்ரியின் ‘சுழல்’ (2022) எட்டு அத்தியாயங்களாக ஒரே நாளில் வந்த தமிழ்த் தொடர். மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாட்களோடு பின்னிய அதன் கதை, நாளுக்கு ஒன்றாகப் பார்த்திருந்தால் திருவிழாவின் தாளத்தோடு இணைந்து இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கும். ஓரிரவில் பார்த்து முடித்தவர்களுக்குக் கொலையாளி யார் என்பது மட்டும் நினைவில் எஞ்சியிருந்தால் குறை அவர்களுடையதன்று.

கைபேசியின் முடிவிலாச் சுருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, வாசகர் அறிந்ததே. இணையப் பக்கத்தின் அடியை எட்டியதும் ‘அடுத்த பக்கம்’ என்று அழுத்த வேண்டியிருந்த சிறு தடையை நீக்கும் உத்தியை 2006-ல் வகுத்த ஆசா ரஸ்கின், பின்னாளில் அதற்காகப் பொதுவெளியில் வருந்தினார். டிக்டாக் 2020 ஜூன் இறுதியில் தடைசெய்யப்பட்ட சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவில் அறிமுகமாகி அந்த வெற்றிடத்தை நிரப்பியது. தடையால் ஒரு செயலி போனதே தவிர, பழக்கம் போகவில்லை.

அரசு போட்ட இடைவேளை

தொழில் நீக்கிய நிறுத்தத்தை அரசுகள் சட்டத்தால் திரும்ப வைக்க முயன்றது இக்கதையின் அடுத்த அங்கம். தென்கொரியா 2011-ல் 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடக்கூடாது என்று விதித்தது. பிள்ளைகள் கைபேசி ஆட்டங்களுக்கு நகர்ந்துவிட, அவற்றைத் தொடாத அந்தச் சட்டம் பொருளிழந்து 2022 தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. சீனா 2021 ஆகஸ்டில் இன்னும் கடுமையாக, 18 வயதுக்குட்பட்டோருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் இரவு 8 முதல் 9 வரை ஒரு மணி நேரம் என்று அளந்துகொடுத்தது. ‘பிஜிஎம்ஐ’ 2022-ல் மீண்டும் முடக்கப்பட்டு 2023 மே மாதம் சோதனை அடிப்படையில் அனுமதிக்கப்பட்டபோது, சிறார்க்கு நாளுக்கு 3 மணி நேரம், மற்றவர்க்கு 6 மணி நேரம் என்று வரம்பு வைக்கப்பட்டது. ஒரு விளையாட்டுக்கு ஆறு மணி நேரத்தைக் கட்டுப்பாடு என்று அழைக்க நேர்ந்ததே நிலைமையின் அளவைச் சொல்லும்.

தமிழ்நாட்டின் முயற்சி சூதாட்டத்தை ஒட்டியது. ரம்மி முதலிய பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களில் கடன்பட்டோர் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் தொடர்ந்து வந்த பின்னணியில் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் அமைந்த தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம், 2025 பிப்ரவரியில் வெளியிட்ட விதிமுறைகளில், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை அத்தகைய ஆட்டங்களில் நுழையவே முடியாத வெற்று நேரத்தை ஏற்படுத்தியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் ஒவ்வோர் அரை மணிக்கும் எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் என்று திரையில் எச்சரிக்க வேண்டும் என்றும் சொன்னது. நிறுவனங்கள் தொடுத்த வழக்குகளைத் தள்ளுபடி செய்து, சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூன் 3 அன்று இவ்விதிகளை ஏற்றது. இரண்டே மாதங்களில், ஆகஸ்டில், நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியதால், வெற்று நேரத்தின் பயனை அளந்து பார்க்கும் வாய்ப்பு ஏறத்தாழ இல்லாமல் போனது. சூதாட்டத்துக்குச் சட்டம் பொருத்தமான கருவியே. ஆனால் மற்ற ஆட்டங்களுக்கும் தொடர்களுக்கும் சட்டத்தின் கடிகாரம் முரட்டுத்தனமானது. கதை எங்கே நிற்கிறது, நண்பர்கள் யார் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இட்டோயின் தொலைபேசி அப்பாவும் ‘ரெசிடெண்ட் ஈவில்’ தட்டச்சுப் பொறியும் செய்ததை அரசாணையால் செய்ய முடியாது.

எப்போது முடிய வேண்டும் என்பதை அறிந்த ஆட்டங்கள் இன்றும் வருகின்றன; அவற்றுள் ஒன்று தமிழர்களுடையது. கனடாவின் டொரண்டோவிலுள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலை இறுதியில் வெளியிட்ட ‘வெண்பா’, 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் இணையரையும் அங்கே பிறந்து வளரும் மகன் கவினையும் பற்றிய சமையல் ஆட்டம். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் புத்தகத்தின் பக்கங்கள் கிழிந்தும் மை அழிந்தும் கிடக்கின்றன. இட்லிப் பாத்திரத்தில் தட்டுகளை எப்படி அடுக்க வேண்டும், எதற்குப் பின் எதைச் சேர்க்க வேண்டும் என்பதை ஆடுபவர் ஊகித்தே சமைக்க வேண்டும். தவறினால் தண்டனை இல்லை, உயிர் குறையாது, கடிகாரம் துரத்தாது. ஓர் உணவு முடிந்தால் ஓர் அத்தியாயம் முடியும். அடுத்த அத்தியாயத்தில் சில ஆண்டுகள் கடந்திருக்கும். மகன் தமிழில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வயதுக்கு வந்திருப்பான். வானொலியிலிருந்து கிளம்பும் பாடல்கள்கூட அந்தந்தக் காலத் தமிழ்த் திரையிசையின் சாயலில் மாறிக்கொண்டே வருகின்றன. தினமும் வந்து பரிசு வாங்கிப் போகும்படி அது எவரையும் அழைப்பதில்லை. சமைத்து முடித்தபின் விற்பதற்கு அதனிடம் ஒன்றுமில்லை.

‘வெண்பா’ பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பரிசை 2024-ல் வென்றது. அதை ஆடி முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும். ஒரு தமிழ்ப் படத்தின் இடைவேளையைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனால் வரும் நேரம் அது. விமர்சகர்கள் அதன் மீது சொன்ன முதன்மையான குறை, சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பதாக இருந்தது.